குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கேழ்வரகுப் பானம்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஊராட்சி மன்றம் கூடினால் சாலையைப் பற்றிப் பேசுகிறோம். குடிநீரைப் பற்றிப் பேசுகிறோம். தெருவிளக்கைப் பற்றியும் ஏரிக் கரையைப் பற்றியும் பேசுகிறோம். இவை யாவும் பேசப்பட வேண்டியவையே. ஆயினும், நம் ஊரில் உள்ள சின்னஞ்சிறு குழந்தைகள் இன்று காலை என்ன உண்டார்கள் என்னும் கேள்வி நம் கூட்டங்களில் எழுவது அரிதாக இருக்கிறது. அது வீட்டுக் காரியம், பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். அது ஊர்க் காரியமும் ஆகும் என்று எடுத்துரைப்பதற்காகவே இன்று நாங்கள் உங்கள் முன் வந்திருக்கிறோம்.

அண்மையில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். ஒரு விவசாயியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். களத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கூடத்து மூலையில் கேழ்வரகு மூட்டை இருந்தது. கொல்லையில் முருங்கை மரம் நின்றது, தொழுவத்தில் பசு நின்றது, கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவ்வீட்டு அம்மையார் தம் நான்கு வயதுப் பேரனுக்கு, கடையில் வாங்கிய டப்பா மாவை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தார்.

"இது எதற்கு அம்மா?" என்று கேட்டோம்.

"மூளைக்கு நல்லதாம் ஐயா. படிப்பு நன்றாக வருமாம். கடலை விற்ற பணத்தில் வாங்கினோம்" என்றார்.

"பாலில் கரைத்துக் கொடுக்கலாகாதா?"

"பால் முழுதும் சொசைட்டிக்குப் போய்விடுகிறது ஐயா. முட்டையும் சந்தைக்குப் போய்விடும். கேழ்வரகு மாட்டுக்கும், வேலைக்கு வரும் ஆட்களுக்குக் கூழ் காய்ச்சவும் ஆகிறது."

அந்த டப்பாவை வாங்கி அதன் பின்புறம் அச்சிடப்பட்டிருந்ததைப் படித்தோம். முதலிடம் பெற்றிருந்தவை தானிய மாவும் சர்க்கரையுமே. குழந்தையின் மூளைக்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலானவை அந்த வீட்டின் களத்திலும் கூடத்திலும் கொல்லையிலும் இருந்தன. அவற்றை விற்று, அந்தப் பணத்தைக் கொடுத்துச் சர்க்கரையை வாங்கி வந்திருக்கிறார்கள். அந்த அம்மையாருக்குப் பேரனிடம் அன்பு குறைவு என்று யாரேனும் சொல்ல முடியுமா? அன்புக்குக் குறைவில்லை; செய்திதான் போய்ச் சேரவில்லை. அச்செய்தியைக் கொண்டு சேர்ப்பது நம் கடமை.

அடியுரம் இடும் பருவம்

விவசாயிகளுக்குப் பருவத்தின் அருமையை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அடியுரம் இட வேண்டிய நாளில் இடாமல், கதிர் வாங்கிய பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயிர் தேறாது. குழந்தையின் மூளைக்கும் இவ்வாறே ஒரு பருவம் உண்டு.

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதரின் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடை உள்ளது. இரண்டாவது வயது முடியும்போது அது நான்கில் மூன்று பங்கை எட்டிவிடுகிறது. ஐந்து வயதில் பத்தில் ஒன்பது பங்கு ஆகிவிடுகிறது. கையும் காலும் நெஞ்சும் இன்னும் பல ஆண்டுகள் வளர இருக்க, மூளை மட்டும் இவ்வளவு விரைவாக வளர்ந்து முடிகிறது. ஆதலால் தாயின் வயிற்றில் கரு உருவான நாள் முதல் இரண்டு வயது முடியும் வரையுள்ள ஏறத்தாழ 1,000 நாள்களே மூளைக்கு அடியுரம் இடும் காலம் என்று மருத்துவ அறிஞர்கள் கூறுகிறார்கள். அதன் பிறகு இடும் உணவும் பயன் தரும். ஆயினும் தவறிய பருவத்தை முழுவதும் மீட்டுத் தாராது.

மற்றொன்றையும் கவனியுங்கள். வளர்ந்த மனிதரின் உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் நூற்றுக்கு இருபது பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சிறு குழந்தைகளிடத்தில் இப்பங்கு இன்னும் மிகுதி. குழந்தையின் வயிறோ சிறியது. ஒரு வேளையில் அதனால் கொள்ளக்கூடிய உணவு சில கரண்டிகளே. அந்தச் சில கரண்டியும் வெறும் சோற்று நீராகவோ, தேநீராகவோ இருந்தால், வளரும் மூளைக்கு எங்கிருந்து சக்தி கிடைக்கும்?

நம் மாநிலத்தில் பிள்ளைகளின் உணவுக்கு அரசு செய்துள்ள ஏற்பாடுகள் பல. 1956-ஆம் ஆண்டு முதல் காமராசர் காலத்தில் பள்ளி மதிய உணவு பரவியது. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டு, அங்கன்வாடிகள் தோன்றின. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் பிறந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கிற்று. இவை பெருமைக்குரியவை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை பள்ளிக்கு வருவதில்லை. அங்கன்வாடி தரும் இணை உணவு மாவும் வீட்டு அடுப்பில் காய்ச்சப்பட்ட பின்னரே அதன் வாய்க்குச் சேரும். மூளை மிக விரைவாக வளரும் காலத்தில் குழந்தையின் உணவு, வீட்டில் இருப்போர் கையில்தான் இருக்கிறது.

மூளைக்கு வேண்டுவன

நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்தை அறிய வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் நீலகிரியில் உள்ள குன்னூரில், 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் தலைமையை ஏற்று நடத்தியவர். நம் உழவர்கள் விளைவிக்கும் தானியத்தையும் பருப்பையும் கீரையையும் காயையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, எதில் எச்சத்து எவ்வளவு என்று கணக்கிட்டுத் தந்தவர்கள் இத்தகைய ஆராய்ச்சியாளர்களே. அக்கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால், மூளைக்கு வேண்டுவன இவை என்று கூறலாம்.

முதலாவது, சக்தி தரும் மாவுச் சத்தும் கொழுப்பும். இரண்டாவது, புரதம். தானியம், பயறு, கடலை, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் இவை உள்ளன. மூன்றாவது, இரும்புச் சத்து. இது குறைந்தால் இரத்த சோகை உண்டாகும், குழந்தை சோர்ந்திருக்கும், கவனமும் கற்கும் திறனும் குன்றும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்த சோகை உள்ளவர்கள். நம் ஊர் இதற்கு விலக்கு என்று நாம் எண்ணிவிடலாகாது.

நான்காவது, அயோடின். இதன் தேவை மிகச் சிறிது. குறைந்தாலோ கேடு மிகப் பெரிது. கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகக் குறைந்தால் பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சியே தடைப்படும். இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் மக்கள் பலருக்கு முன்கழுத்துக் கழலை இருந்தது. 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே சில பகுதிகளுக்கு மட்டும் அயோடின் கலந்த உப்பை வழங்கி ஆராய்ந்தனர். அந்த உப்பை உண்டவர்களிடையே கழலை பெரிதும் குறைந்தது. இவ்வாராய்ச்சியின் பயனாக, 1962-இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது.

ஐந்தாவது, கீரைகளிலும் பயறுகளிலும் உள்ள ஃபோலிக் அமிலம். கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான குழல் கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள்ளேயே மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் கருவுற்றதை அறியும் முன்னரே அந்த நாள்கள் கடந்துவிடும். ஆகவே மணமான பெண்கள் முன்கூட்டியே கீரையும் பயறும் உண்டு, மருத்துவர் சொல்லும் மாத்திரையையும் உட்கொள்ள வேண்டும். ஆறாவது, வைட்டமின் பி12. இது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் கிடைக்கும். தானியத்திலும் கீரையிலும் இல்லை. எனவே மரக்கறி உண்போர் வீட்டுக் குழந்தைக்குப் பாலும் தயிரும் இன்றியமையாதவை.

முளைகட்டிய மாவின் சிறப்பு

இத்தேவைகளுள் பலவற்றை நிறைவு செய்யும் ஒரு பானத்தை இனிக் கூறுவோம். இதற்கு அடிப்படை கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உள்ளது. தானியங்களுள் இவ்வளவு சுண்ணாம்புச் சத்து உடையது வேறில்லை எனலாம். மானாவாரி நிலத்திலும் விளையக்கூடியது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கேழ்வரகை அப்படியே அரைத்துக் காய்ச்சினால் கூழ் சீக்கிரம் கெட்டிப்படும். குழந்தை விழுங்காது என்று தாய் மேலும் மேலும் நீர் ஊற்றுவாள். வயிறு நிறையும், சத்து சேராது. கேழ்வரகை முளைகட்டினால் இந்தத் தொல்லை நீங்குகிறது. முளைக்கும் தானியத்தில் மாவுச் சத்தைச் சிறிது சிறிதாக உடைக்கும் நொதி ஒன்று உண்டாகிறது. அத்தகைய மாவைக் காய்ச்சும்போது கஞ்சி தானாகவே இளகும். ஆகவே நீரைக் கூட்டாமல், மாவைக் கூட்டலாம். சிறு வயிற்றுக்குள் அதிகச் சக்தி போகும். மேலும், முளைகட்டும்போது தானியத்தில் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் குறைவதால், அச்சத்து உடலில் ஓரளவு எளிதாகச் சேரும். நம் முன்னோர் கேழ்வரகை ஊறவைத்தும் புளிக்கவைத்தும் உண்டதில் இந்த நன்மை அடங்கியிருந்தது.

மாவு செய்யும் முறை

வேண்டிய பொருள்கள்: கேழ்வரகு 400 கிராம், பாசிப்பயறு 200 கிராம், நிலக்கடலைப் பருப்பு 100 கிராம். அதாவது, நான்கு பங்கு, இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மணத்துக்குச் சிறிது ஏலக்காயோ சுக்கோ சேர்த்துக்கொள்ளலாம்.

கேழ்வரகைக் கல்லும் மண்ணும் போக அரித்துக் கழுவி, ஓர் இரவு முழுவதும் நல்ல நீரில் ஊறவைக்கவும். மறுநாள் காலையில் நீரை வடித்து, சுத்தமான ஈரத் துணியில் மூட்டையாகக் கட்டி நிழலில் வைக்கவும். துணி உலராமல் அவ்வப்போது நீர் தெளிக்கவும். ஒரு நாள் முதல் ஒன்றரை நாளில் வெள்ளை முளை தெரியும். அப்போது எடுத்துப் பரப்பி, நொறுங்கும் பதம் வரும் வரை நன்றாகக் காயவைக்கவும். ஈரம் தங்கினால் மாவு பூஞ்சணம் பிடிக்கும். பிறகு இளஞ்சூட்டில் மணம் வரும் அளவுக்கு மட்டும் வறுக்கவும். கடுந்தீயில் கருக வறுத்தால், மாவை இளக்கும் நொதி அழிந்துவிடும். முளைகட்டிய பாடு வீணாகும். பின்பு கையால் தேய்த்து, முளையைப் புடைத்து நீக்கவும்.

பாசிப்பயறைப் பொன்னிறமாக வறுக்கவும். இவ்விரண்டையும் சேர்த்து நன்றாக அரைத்து, ஆறவைத்து, ஈரமற்ற டப்பாவில் மூடி வைக்கவும். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் தனியே பொடி செய்து வைத்துக்கொள்க. எண்ணெய்ச் சத்து உள்ளதால் நெடுநாள் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும்.

பானம் காய்ச்சும் முறை

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்குரிய அளவு இது. கேழ்வரகு, பயற்று மாவு இரண்டு மேசைக்கரண்டியும், கடலைப் பொடி ஒரு தேக்கரண்டியுமாக, மொத்தம் ஏறத்தாழ 30 கிராம் எடுத்துக்கொள்க. அதை 150 மில்லி குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே ஐந்து முதல் ஏழு நிமிடம் கொதிக்கவிடவும். முளைகட்டிய மாவைக் கொதிக்கவைக்காமல் பச்சையாகக் கரைத்துக் கொடுத்தலாகாது. காய்ச்சிய பால் 100 மில்லி சேர்த்து இறக்கவும். சிறிது ஆறிய பின், கரைத்து வடிகட்டிய வெல்லம் ஒரு தேக்கரண்டி சேர்க்கவும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைச் சேர்த்தால் திரிந்துவிடக்கூடும். கடைசியாகக் கனிந்த வாழைப்பழத்தில் பாதியை மசித்துப் போட்டு, மத்தினால் கடைந்தால், நுரை பொங்கும் மென்மையான பானம் தயாராகும்.

இதில் ஏறத்தாழ 230 கலோரி சக்தியும், 7 அல்லது 8 கிராம் புரதமும் உண்டு. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் வேண்டிய புரதம் ஏறத்தாழ 16 கிராம். ஒரு குவளைப் பானத்திலேயே அதில் பாதிக்கு அருகில் கிடைத்துவிடுகிறது.

இனிப்பை விரும்பாதவர்கள் பாலுக்கும் வெல்லத்துக்கும் பழத்துக்கும் பதிலாக மோர் ஊற்றி, சிறிது உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக்கொள்ளலாம். நிழலில் உலர்த்திப் பொடித்த முருங்கை இலை அரைத் தேக்கரண்டியை மாவோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால், இந்த மோர்க் கஞ்சிக்கு நன்றாகப் பொருந்தும். கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் இருமடங்கு மாவில் இதைச் செய்து அருந்தலாம்.

வயலுக்குப் போகும் முன் காலையில் காய்ச்சிக் கொடுத்தால் நலம். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. ஆதலின் பகல் உணவில் கீரையும் பருப்பும் இருக்க வேண்டும். அத்துடன் ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ, எலுமிச்சைச் சாறோ சேர வேண்டும். அவற்றில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர உதவுகிறது. தேநீரும் காப்பியும் இதற்கு நேர்மாறாக அச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கின்றன. குழந்தைகளுக்கு அவை வேண்டா.

கவனிக்க வேண்டியவை

பிறந்து ஆறு மாதம் முடியும் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் தேவையில்லை. ஆறு மாதம் நிறைந்த பின் தாய்ப்பாலோடு இக்கஞ்சியைக் கரண்டியில் நிற்கும் பதத்தில் தொடங்கலாம். தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரட்டும். இரண்டு வயது வரை வெல்லமோ சர்க்கரையோ சேர்க்காமல், பழத்தின் இனிப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. முழுக் கடலையைச் சிறு குழந்தைக்குத் தராதீர்கள்; தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கடலைப் பொடியை முதன் முதலில் கொடுக்கும்போது மிகச் சிறிதளவே கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். நல்ல பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சுருங்கியதும் உடைந்ததும் பூஞ்சணம் பிடித்ததுமான கழிவைச் சமையலறைக்கு அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இது கைவிடப்பட வேண்டிய வழக்கம். நிலக்கடலையில் படரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் அழியாது. ஆதலால் காயைப் பறித்தவுடன் குலுக்கினால் ஓசை கேட்கும் வரை உலர்த்துங்கள். மூட்டையை விற்கும் முன், வீட்டுக் குழந்தைக்கென்று முதல் தரமான பருப்பில் சில படிகளை எடுத்து வையுங்கள். பாலிலும் அவ்வாறே; சொசைட்டிக்கு அளக்கும் முன் ஒரு குவளை வீட்டில் நிற்கட்டும்.

வீட்டுப் பெரியோர்களும் இப்பானத்தை அருந்தலாம். நீரிழிவு உள்ளவர்கள் வெல்லமும் பழமும் இன்றி மோர் சேர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் கொள்ள வேண்டும். முளைகட்டிய மாவும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டக்கூடியதே.

பானம் ஒன்றே போதாது

இப்பானத்தைக் குடித்த பிள்ளை வகுப்பில் முதலாவதாக வருவான் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அவ்வாறு சொல்பவர்களை நீங்களும் நம்ப வேண்டா. எந்தப் பானமும் அறிவைக் கொடுத்துவிடாது. இயற்கை கொடுத்த அறிவு சத்துக் குறைவால் குன்றிப் போகாமல் காப்பதே உணவின் வேலை.

அதற்கும் வேறு துணைகள் வேண்டும். இக்கஞ்சியில் அயோடின் போதிய அளவு இல்லை. அதை உப்பில்தான் பெற வேண்டும். உப்பளங்கள் மிகுந்த நம் மாநிலத்தில் அயோடின் சேராத கல்லுப்பைப் பயன்படுத்தும் பழக்கம் இன்னும் உண்டு. வாங்கும் பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உப்பை மூடிய பாத்திரத்தில், அடுப்பின் வெப்பம் படாத இடத்தில் வையுங்கள். குடற்புழு உள்ள குழந்தைக்கு எவ்வளவு ஊட்டினாலும் முழுப் பயன் கிட்டாது. ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரப்படும் புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். கருவுற்ற பெண்கள் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றோடும், ஊட்டும்போது குழந்தையோடு பேசுங்கள், கதை சொல்லுங்கள், விளையாடுங்கள். உணவைப் போலவே பேச்சும் அன்பும் மூளையை வளர்க்கின்றன.

ஊராட்சி செய்யக்கூடியவை

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, எடை. 1980-இல் நம் மாநிலத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு உடனே கூடுதல் உணவு தந்தார்கள். மெலிந்த பின் வருந்துவதை விட, எடை ஏறாத மாதத்திலேயே கண்டுபிடிப்பது எளிது என்பதே அதன் பாடம். அங்கன்வாடியில் எடை போடும் நாளில் உறுப்பினர் ஒருவர் அங்கே இருக்கட்டும். வராத குழந்தை யார் என்று கேட்கட்டும். பெரும்பாலும் மிகவும் தேவையுள்ள குழந்தையே அன்று வராத குழந்தையாக இருக்கும்.

இரண்டாவது, மாவு. மகளிர் சுய உதவிக் குழுவினர் ஓரிடத்தில் கூடிக் கேழ்வரகை முளைகட்டி அரைத்தால், வேலைக்குப் போகும் தாய்மார்களின் சுமை குறையும். விளைவித்த கேழ்வரகுக்கு ஊரிலேயே ஒரு தேவையும் பிறக்கும். அங்கன்வாடி தரும் இணை உணவு மாவையும் கால்நடைத் தீவனமாக்காமல் குழந்தைக்கே காய்ச்சிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மரம். அங்கன்வாடியைச் சுற்றியும், குழாயடி நீர் ஓடும் இடங்களிலும் முருங்கை, பப்பாளி, நெல்லி, கொய்யா ஆகியவற்றை நட்டு வளர்க்கலாம். முருங்கைப் போத்துக்குச் செலவு ஏது?

நான்காவது, கடை. ஊரில் உள்ள மளிகைக் கடைகளில் அயோடின் கலந்த உப்பே விற்கப்பட வேண்டும் என்று கடைக்காரர்களை அழைத்துப் பேசுங்கள். நம் ஊர்க் கடைக்காரர் நம் சொல்லைத் தட்டமாட்டார்.

ஐந்தாவது, கூட்டம். அடுத்த கிராம சபையின் பொருள் நிரலில் குழந்தைகளின் உணவு என்று ஒரு வரியைச் சேருங்கள். நம் ஊரில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுள் எடை குறைந்தவர்கள் எத்தனை பேர், கருவுற்ற தாய்மார்கள் எத்தனை பேர் என்னும் மூன்று எண்களை மட்டும் சபையில் படியுங்கள். பெயர்களைப் படிக்க வேண்டா. எவரையும் நாணச் செய்ய வேண்டா. எண்களைக் கேட்டாலே ஊர் விழித்துக்கொள்ளும்.

நாங்கள் முன்பு சொன்ன வீட்டிலிருந்து அன்று புறப்படும் முன், அந்த அம்மையாரின் அடுப்பிலேயே வீட்டில் இருந்த கேழ்வரகு மாவையும் வறுத்த கடலையையும் கொண்டு இக்கஞ்சியைக் காய்ச்சிக் காட்டினோம். முளைகட்டிய மாவுக்கு நாள் இல்லை. ஆகவே சற்றுக் கெட்டியாகத்தான் இருந்தது. பாலும் பழமும் சேர்த்து மத்தினால் கடைந்து கொடுத்தோம். சிறுவன் குவளையைக் கீழே வைக்காமல் குடித்தான். "இதுவா ஐயா? இது நம் வீட்டுச் சரக்குத்தானே!" என்றார் அந்த அம்மையார். "ஆம் அம்மா, உங்கள் வீட்டுச் சரக்குத்தான்" என்றோம்.

மறுநாள் காலையில் பால் அளக்கும் முன் ஒரு குவளை வீட்டில் நின்றதா என்பது நமக்குத் தெரியாது. அது நிற்க வேண்டும் என்று நினைவூட்ட அவ்வூரிலேயே ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இவ்வுரையை முடிக்கிறோம்.